மால்தஸ்: 200 வருஷமாக நம்மைத் துரத்தும் ஒரு பெருக்கல் கணக்கு

வண்ணார்பேட்டையில் இருந்து ஜங்ஷனுக்கு பஸ் ஏறினால் தாமிரபரணியின் குறுக்கே ஒரு பழைய பாலம் வரும். சுலோசன முதலியார் பாலம், 1843-ல் திறந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் இதுபோன்ற மாவட்டங்களை ஆள வந்த வெள்ளைக்கார அதிகாரிகளில் பெரும்பாலானோர், கப்பல் ஏறும் முன் இங்கிலாந்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அந்தக் கல்லூரியில் சுமார் 30 வருஷம் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவரின் பெயர் உங்களுக்கும் தெரியும். தாமஸ் ராபர்ட் மால்தஸ்.

பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் படித்தது பெரும்பாலும் ஒரு வரிதான்: மக்கள்தொகை பெருக்குத் தொடரில் வளரும், உணவு கூட்டுத் தொடரில் வளரும். ஐந்து மார்க். அதோடு அவரை விட்டுவிட்டோம்.

ஆனால் அவர் நம்மை விடவில்லை. தொகுதி மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. என்று டிவியில் சண்டை நடக்கும்போதும், போட்டித் தேர்வில் 'ஒரு நகரத்தின் மக்கள்தொகை...' என்று கேள்வி வரும்போதும், பின்னால் ஓடுவது அவருடைய கணக்குதான். அந்தக் கணக்கில் ஒரே ஒரு எண் முக்கியம். அதன் பெயர் வளர்ச்சிக் காரணி. மால்தஸ் அதை எங்கிருந்து எடுத்தார், எங்கே சறுக்கினார் என்பதே அவருடைய வாழ்க்கைக் கதையும்கூட.

அப்பாவோடு போட்ட சண்டை

1766 பிப்ரவரியில் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில், டார்க்கிங் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். வசதியான குடும்பம். அப்பா டேனியல் மால்தஸ் பெரிய வாசகர்; பிரெஞ்சு சிந்தனையாளர் ரூசோவின் தீவிர ரசிகர். குழந்தை பிறந்து மூன்று வாரத்தில் ரூசோவும் தத்துவஞானி டேவிட் ஹியூமும் அந்த வீட்டுக்கு வந்துபோயிருக்கிறார்கள். எப்படிப்பட்ட வீடு என்று இதிலேயே தெரிந்துவிடும்.

வீட்டில் அவரை ராபர்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளவுபட்டிருந்ததால் கடைசி வரை பேச்சு தெளிவாக வரவில்லை. பிற்காலத்தில் ஹேரியட் மார்ட்டினோ என்ற எழுத்தாளர் அவர் வீட்டில் விருந்தினராகத் தங்கினார். மார்ட்டினோவுக்குக் காது கேட்காது. ஒலிக்குழலை வைத்துத்தான் மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார். ஆனால் மால்தஸ் பேசியது மட்டும் குழல் இல்லாமலே புரிந்ததாக எழுதிவைத்திருக்கிறார். உலகமே கொடூரமானவர் என்று திட்டிய ஒரு மனிதர், நேரில் மிகவும் மென்மையானவராக இருந்திருக்கிறார்.

1784-ல் கேம்பிரிட்ஜின் ஜீசஸ் கல்லூரியில் சேர்ந்தார். 1788-ல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே ஒன்பதாவது இடம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குத் தெரியாமல் கணக்குப் போட்டவர் இல்லை அவர்.

அடுத்து சர்ரேயில் ஓக்வுட் என்ற சின்ன ஊரின் தேவாலயத்தில் குருவானவராக வேலை. ஏழை ஜனங்கள் வாழ்ந்த பகுதி. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் நடத்துவது இந்த வேலையில் சேர்த்தி. பாளையங்கோட்டையில் சர்ச் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பதிவேடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு ஊரில் எத்தனை பேர் பிறக்கிறார்கள், எத்தனை பேர் சாகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்க்கிற வேலை.

அப்போது பிரெஞ்சுப் புரட்சியின் சூடு இன்னும் ஆறவில்லை. இங்கிலாந்தில் வில்லியம் காட்வின், பிரான்ஸில் கான்டார்சே போன்றவர்கள், சமூகம் திருந்தினால் மனிதகுலத்தின் முன்னேற்றத்துக்கு எல்லையே இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. மகனுக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டில் நடந்த அந்த வாக்குவாதத்தை எழுதிவைக்கலாம் என்று மகன் உட்கார்ந்ததில் பிறந்ததுதான் 1798-ல் வந்த மக்கள்தொகை பற்றிய கட்டுரை. புத்தகத்தில் ஆசிரியர் பெயர்கூட இல்லை. அவருக்கு அப்போது 32 வயது.

25 வருஷம் என்ற அந்த எண்

புத்தகத்தின் அடிப்படை வாதம் எளிமையானது. தடை எதுவும் இல்லாவிட்டால் மக்கள்தொகை 25 வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும்: 1, 2, 4, 8, 16. உணவு உற்பத்தி அதே 25 வருஷத்தில் ஒவ்வொரு படியாகத்தான் ஏறும்: 1, 2, 3, 4, 5. இரண்டு நூற்றாண்டு கழிந்தால் மக்கள் 256 பங்கு, சாப்பாடு 9 பங்கு. இந்த இடைவெளியைப் பஞ்சம், நோய், போர் என்று ஏதாவது ஒன்று வந்து வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார்.

சரி, இந்த '25 வருஷம்' எங்கிருந்து வந்தது? வட அமெரிக்கக் குடியேற்றங்களில் இருந்து. அங்கே நிலம் தாராளமாக இருந்தது, இளம் வயதிலேயே கல்யாணம் நடந்தது, மக்கள்தொகை வேகமாகக் கூடியது. மனித இனத்தால் எவ்வளவு வேகமாகப் பெருக முடியும் என்பதற்கு அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு நிமிஷம் நின்று கணக்கைப் பார்த்துவிடுவோம். இனி வரும் எல்லாவற்றுக்கும் இதுதான் சாவி.

வளர்ச்சிக் காரணி என்பது, பழைய எண்ணிக்கையை எதால் பெருக்கினால் புதிய எண்ணிக்கை வருமோ அந்த எண். அதாவது புதியதைப் பழையதால் வகுத்தால் கிடைப்பது. ஒரு ஊரில் 40,000 பேர். இரண்டு வருஷம் கழித்து 44,100 பேர். வகுத்தால் 1.1025. இது இரண்டு வருஷத்துக்கான காரணி. ஒரு வருஷத்துக்கு எவ்வளவு? இங்கேதான் பலரும் மாட்டுகிறோம். 10.25 சதவீதம் கூடியிருக்கிறது, இரண்டால் வகு, 5.125 சதவீதம் என்று எழுதினால் தப்பு. இரண்டாம் வருஷ வளர்ச்சி, முதல் வருஷத்தில் கூடியவர்களையும் சேர்த்துத்தான் நடக்கிறது. வட்டிக்கு வட்டி மாதிரி. அதனால் வகுக்கக் கூடாது, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 1.1025-ன் வர்க்கமூலம் 1.05. வருஷத்துக்கு சரியாக 5 சதவீதம்.

இரண்டு வருஷத்துக்கு வர்க்கமூலம் என்றால், 10 வருஷத்துக்குப் பத்தாம் மூலம், 25 வருஷத்துக்கு இருபத்தைந்தாம் மூலம். பயப்பட வேண்டாம். போனைப் படுக்கவைத்தால் கால்குலேட்டரில் அடுக்கு பட்டன் வரும் (சில போன்களில் மெனுவுக்குள் இருக்கும்). பத்தாம் மூலத்துக்கு அடுக்கு 0.1 போடுங்கள், இருபத்தைந்தாம் மூலத்துக்கு 0.04.

இப்போது மால்தஸின் எண்ணைப் போடுவோம். 25 வருஷத்தில் 2 மடங்கு. 2-க்கு அடுக்கு 0.04 போட்டால் 1.028. வருஷத்துக்கு சுமார் 2.8 சதவீதம். பத்து வருஷக் காரணியாகப் பார்த்தால் சுமார் 1.32. இந்த 1.32-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவைப் பற்றி அவர் சொன்னது தப்பில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்நாட்டின் முதல் கணக்கெடுப்பு 1790-ல் நடந்தது: 39.29 லட்சம் பேர். 1800-ல் 53.08 லட்சம். காரணி 1.35. அவர் சொன்னதைவிடக் கொஞ்சம் வேகமாகவே வளர்ந்திருக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் கப்பலில் வந்து இறங்கியவர்களும் இருந்தார்கள். காட்வின் 1820-ல் எழுதிய பதில் புத்தகத்தில் இந்த ஓட்டையைத்தான் பிடித்தார்: இது பிறப்பால் வந்த வளர்ச்சியா, குடியேற்றத்தால் வந்ததா? அந்தத் தாராளமான நிலம் யாரிடமிருந்து பிடுங்கப்பட்டதோ, அந்தப் பூர்வகுடிகளில் பெரும்பாலோர் எண்ணப்படவே இல்லை என்பது என் பக்கத்தில் இருந்து இன்னொரு ஓட்டை.

பயணம், கல்யாணம், வேலை

முதல் பதிப்பு பெரிய சத்தத்தைக் கிளப்பியது. ஆனால் அதில் தரவு குறைவு என்பது அவருக்கே தெரியும். அதனால் 1799-ல் கேம்பிரிட்ஜ் நண்பர்களோடு நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா என்று கிளம்பிவிட்டார். ஊர் ஊராகப் போய் என்ன சாப்பிடுகிறார்கள், எந்த வயதில் கல்யாணம் செய்கிறார்கள் என்று குறிப்பெடுத்தார். நார்வேயில் ஒரு விஷயம் அவரை யோசிக்கவைத்தது. குடும்பம் நடத்த ஒரு வீடும் துண்டு நிலமும் கிடைக்கும்வரை அங்கே பண்ணை வேலையாட்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள். மக்கள்தொகை தறிகெட்டுப் பெருகவில்லை.

அதாவது காரணி எல்லா ஊரிலும் ஒன்றல்ல. மனிதர்கள் எடுக்கும் முடிவுகள் அதை மாற்றுகின்றன. 1803-ல் வந்த இரண்டாம் பதிப்பு கிட்டத்தட்ட புதிய புத்தகம். இந்த முறை ஆசிரியர் பெயர் உண்டு. பஞ்சம், நோய் தவிர, கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதும் ஒரு தடை என்று சேர்த்தார். கருத்தடையை மட்டும் அவர் கடைசிவரை ஏற்கவில்லை. இந்த முரண் பின்னால் முக்கியமாகும்.

அதே பதிப்பில் இந்தியாவுக்கும் திபெத்துக்கும் ஒரு அத்தியாயம் இருக்கிறது. நார்வேக்கு நேரில் போனவர், இந்தியாவுக்கு வரவில்லை. இந்தியர்களின் கல்யாணம், பிள்ளைப்பேறு பற்றி எழுத அவர் பெரிதாக நம்பியது வில்லியம் ஜோன்ஸ் மொழிபெயர்த்த மனுதர்மத்தை. தாமிரபரணிக் கரையில் கார் பருவமும் பிசானமும் நட்டு அறுத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பதற்கு மனுதர்மம் எந்த அளவுக்கு ஆதாரம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

1804-ல், 38 வயதில், ஹேரியட் எக்கர்சாலைக் கல்யாணம் செய்தார். தான் சொன்னதைத் தானே செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று குழந்தைகள், கடைசி மகள் லூசி 17 வயதில் இறந்துபோனாள். அவருக்குப் பதினோரு பெண் குழந்தைகள் என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. நம்பாதீர்கள். ஊருக்கு உபதேசம் என்று கிண்டலடிக்க வசதியாக இருந்ததால் அது நீண்ட நாள் உயிரோடு இருந்தது.

1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் வருங்கால அதிகாரிகளுக்காகத் தொடங்கிய கல்லூரியில் அவருக்கு வேலை கிடைத்தது. வரலாறு மற்றும் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர். பிரிட்டனில் இப்படி ஒரு பதவி வகித்த முதல் ஆள் அவர். கல்லூரி 1809-ல் ஹெய்லிபரி என்ற இடத்துக்கு மாறியது. பள்ளிப் பருவம் தாண்டாத பையன்கள்தான் மாணவர்கள்; அடிக்கடி கலாட்டா செய்வார்கள். கல்லூரியையே மூட வேண்டும் என்று லண்டனில் குரல் எழுந்தபோது அதற்காக வாதாடி இரண்டு சிறு நூல்கள் எழுதியதும் மால்தஸ்தான். பையன்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'பாப்'. பாப்புலேஷனில் இருந்து வெட்டியது.

அந்தப் பையன்களில் மெட்ராஸ் மாகாணத்துக்கு ஒதுக்கப்பட்டவர்கள் இங்கே இறங்கியதும் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் தமிழோ தெலுங்கோ படித்துவிட்டு மாவட்டங்களுக்குப் போனார்கள். மொழி இங்கே கற்றது. ஏழ்மை ஏன் வருகிறது என்ற பாடம் அங்கேயே கற்றுக்கொண்டு வந்தது.

அவருடைய பிற்கால வாழ்க்கையில் டேவிட் ரிக்கார்டோவோடு கொண்ட நட்பு ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம். தானிய இறக்குமதி வரியில் இருந்து எதிலுமே ஒத்துப்போகாமல், 1823-ல் ரிக்கார்டோ சாகும்வரை கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1834-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் மால்தஸும் ஒருவர். அதே வருஷம் டிசம்பர் கடைசியில் பாத் நகரத்தில் இறந்தார். அங்குள்ள அபே தேவாலயத்தில் அடக்கம்.

அவர் வீட்டு வாசலில் என்ன நடந்தது?

இதைச் சொல்லாமல் போக முடியாது. அவர் வாழ்ந்த நாட்டில் முதல் கணக்கெடுப்பு 1801-ல் நடந்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்து 88.9 லட்சம். 1831-ல் 138.9 லட்சம். முப்பது வருஷக் காரணி 1.56. பத்து வருஷத்துக்கு மாற்ற மூன்றாம் மூலம் எடுத்தால் 1.16.

இப்போது தமிழ்நாடு: 2001-ல் 6.24 கோடி, 2011-ல் 7.21 கோடி. காரணி 1.156. கிட்டத்தட்ட மால்தஸ் காலத்து இங்கிலாந்தின் வேகம். வருஷக் காரணி வேண்டுமென்றால் 1.1561-க்கு அடுக்கு 0.1, விடை 1.0146. (15.61-ஐப் பத்தால் வகுத்து வருஷத்துக்கு 1.56 சதவீதம் என்று எழுதாதீர்கள். அந்த வேகத்தில் பத்து வருஷம் போனால் 16.7 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும்.)

மனதில் வைத்திருந்த 1.32-ஐ இப்போது எடுங்கள். சுதந்திர இந்தியாவில் அதிக வளர்ச்சி கண்ட பத்தாண்டு 1961-71. காரணி 1.248. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் உச்சம் 1.223. மக்கள்தொகை வெடிகுண்டு என்று உலகமே பயந்த காலத்திலும் இந்தியா மால்தஸின் எண்ணைத் தொடவே இல்லை. உணவுப் பக்கமோ அவர் நினைத்தபடி ஒவ்வொரு படியாக ஏறவில்லை; வீரிய ரகங்கள், உரம், பாசனம் எல்லாம் சேர்ந்து தூக்கிவிட்டன. நெல்லைக்காரர்கள் சாப்பிடும் அம்பை 16 அரிசி, பக்கத்து அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம்தானே.

கணக்கு ஆளைக் கொன்றபோது

மால்தஸ் இறந்து 42 வருஷம் கழித்து, 1876-ல் தென்னிந்தியாவில் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம். அந்த நேரத்தில் வைஸ்ராயாக இருந்த லிட்டன், இந்திய மக்கள்தொகை நிலம் தரும் உணவைவிட வேகமாகப் பெருகுகிறது என்ற வாதத்தை சட்டசபையிலேயே வைத்தார். மெட்ராஸ் நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நாள் முழுக்க மண் சுமந்த ஒரு ஆணுக்கு 450 கிராம் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியை வெட்டினார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. பஞ்ச காலத்திலும் இந்தியாவில் இருந்து தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

டெம்பிளை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் டாக்டர் கார்னிஷ், மாகாணத்தின் சுகாதார கமிஷனர். இந்தக் கூலியில் வேலை செய்தால் உடம்பு தாங்காது, செத்துப்போவார்கள் என்று எச்சரித்தார். 1871-ல் மெட்ராஸ் மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதியவரும் இதே கார்னிஷ்தான். அதாவது ஆட்களை எண்ணியவர், அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். 1877-ல்தான் கூலி ஓரளவு கூட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணிப்பு.

நம்ம ஊரில்? அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் 1871-ல் 16,93,959 பேர். 1881-ல் 16,99,747. வகுத்துப் பாருங்கள்: 1.0034. பத்து வருஷத்தில் கூடியது ஆறாயிரம் பேர்கூட இல்லை. பஞ்சம், நோய், பிழைக்க இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவர்கள் எல்லாம் இந்த ஒரு எண்ணுக்குள் இருக்கிறார்கள். அடுத்த பத்தாண்டில் 19,16,095, காரணி 1.127. அதற்கடுத்து 1901-ல் 20,59,607, காரணி 1.075. அதே மண், அதே ஆறு, அதே ஜனங்கள். மூன்று பத்தாண்டு, மூன்று காரணி.

லிட்டனும் டெம்பிளும் செய்ததற்கு மால்தஸ் எவ்வளவு பொறுப்பு? நிவாரணம் கொடுத்தால் ஏழைகள் பெருகுவார்கள் என்று எழுதியவர் அவர்தான்; அதை மறைக்க முடியாது. மந்தம் வந்தால் ரோடு போடுவது போன்ற பொது வேலைகளில் ஏழைகளுக்கு வேலை கொடுக்கலாம் என்று 1820-ல் எழுதியவரும் அவர்தான். முதல் பாதியை அதிகாரிகள் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய மாணவர் சார்லஸ் டிரெவெலியன், 1840-களில் அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கஜானாவில் உட்கார்ந்து நிவாரணத்தை இறுக்கிப் பிடித்தவர். அதே டிரெவெலியன்தான் 1859-ல் மெட்ராஸ் கவர்னராக வந்தார்.

அவரைப் படித்த எல்லோரும் அப்படி இல்லை. 1838-ல் டார்வின் அந்தப் புத்தகத்தைப் படித்ததில்தான் இயற்கைத் தேர்வு என்ற யோசனை பிடிபட்டது. 1877-ல், மெட்ராஸ் பஞ்சத்தின் அதே வருஷம், கருத்தடை பற்றிய சிறு நூலை வெளியிட்டதற்காக லண்டனில் அன்னி பெசன்ட் மீது வழக்கு நடந்தது. பின்னாளில் சென்னை அடையாறில் வாழ்ந்த அதே பெசன்ட்தான். கருத்தடையை வெறுத்த மனிதரின் பெயரிலேயே கருத்தடைப் பிரசாரச் சங்கங்கள் கிளம்பின. 1920-களின் கடைசியில் சென்னையிலும் ஒரு நியோ மால்தூசியன் லீக் இருந்தது. பெரியார் இதே விஷயத்தை வேறு பக்கத்தில் இருந்து பேசினார்: நாட்டின் வறுமைக்காக அல்ல, பெண்ணின் விடுதலைக்காகக் கருத்தடை வேண்டும் என்பது அவர் வாதம். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் இறங்கியதற்கு மால்தஸ் காட்டிய பயத்தைவிட, பெண்களின் படிப்பும் குழந்தை இறப்பு குறைந்ததும்தான் பெரிய காரணம் என்பது என் கட்சி.

இப்போது ஏன் இந்தக் கணக்கு?

ஏனென்றால் இது எம்.பி. சீட் கணக்கு. 1961 கணக்கெடுப்பை வைத்து நடந்த மறுவரையறையில் தமிழ்நாட்டின் மக்களவை இடங்கள் 41-ல் இருந்து 39 ஆகக் குறைந்தன. அதன்பிறகு குடும்பக் கட்டுப்பாட்டில் நன்றாகச் செய்யும் மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக, மாநிலங்களுக்கான இட ஒதுக்கீடு 1971 மக்கள்தொகையோடு 1976-ல் உறைய வைக்கப்பட்டது. 2001-ல் வந்த திருத்தம் அதை 2026-க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

1971-ல் இருந்து 2011 வரை 40 வருஷக் காரணியைப் பாருங்கள். கேரளா 1.56. தமிழ்நாடு 1.75. இந்தியா 2.21. ராஜஸ்தான் 2.66. இதை வருஷக் காரணியாக மாற்றினால் தமிழ்நாட்டுக்கு 1.0141, ராஜஸ்தானுக்கு 1.0248. வித்தியாசம் வருஷத்துக்கு ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு சதவீதம் 40 வருஷம் பெருகினால் என்ன ஆகும் என்பதைத்தான் டெல்லியில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெருக்கல் இப்படித்தான் வேலை செய்யும் என்பதில் மால்தஸ் சரி. எந்த எண்ணால் பெருக்குவது என்பதில்தான் பிரச்சினை.

வாட்ஸ்அப்பில் வரும் கணக்குகளுக்கு ஒரு எச்சரிக்கை. 1871-ல் திருநெல்வேலி மாவட்டம் 16.94 லட்சம். 2011 கணக்கெடுப்புப்படி இன்றைய திருநெல்வேலி மாவட்டம் சுமார் 16.65 லட்சம். வகுத்தால் காரணி 1-க்கும் கீழே. 140 வருஷத்தில் ஜனமே குறைந்துபோச்சா? இல்லை. 1910-ல் வடக்குப் பகுதி ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போனது, 1986-ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-ல் தென்காசி பிரிந்தது. குறைந்தது ஜனம் இல்லை, எல்லை. வகுப்பதற்கு முன் இரண்டு எண்ணும் ஒரே ஊரைப் பற்றியதுதானா என்று பார்க்க வேண்டும். மால்தஸின் அமெரிக்கக் கணக்கில் காட்வின் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்: இரண்டாவது எண்ணில் இருப்பவர்கள், முதல் எண்ணில் இருந்தவர்களின் பிள்ளைகள்தானா?

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக அறிவித்திருக்கிறார்கள். முந்தையது 2011 மார்ச் 1. புது எண் வந்ததும் பத்தாண்டு வளர்ச்சி இவ்வளவு என்று பழைய சதவீதங்களுக்குப் பக்கத்தில் வைத்து யாராவது கிராபிக்ஸ் போடுவார்கள். எங்கள் டெஸ்க்கிலேயே போட வாய்ப்பிருக்கிறது. இந்த முறை இடைவெளி 10 வருஷம் இல்லை, 16. கால்குலேட்டரில் அடுக்கு 0.1 போடாதீர்கள். ஒன்றைப் பதினாறால் வகுத்தால் 0.0625. அதைப் போடுங்கள்.